மலையும் நடையும்

எங்கள் திருத்தணிகை மலைமேல் எழுந்தருளியுள்ள முருகப்பெருமானைக் காண இரு வழிகள் உள்ளன. ஒன்று 365 படிகள் ஏறிச் செல்லும் வழி. மற்றொன்று உந்துவண்டிகள் செல்லும் சாலை. டிசம்பர் 31ஆம் நாள் நிகழும் படித் திருவிழாவில் படிதோறும் பாடிக்கொண்டு ஏறுவோர் பலர். ஏனைய நாள்களில் சாலையிலேயே கூட்டம் மிகுதி. முதியோரும் நோயுற்றோரும் வண்டியிற் செல்வது முறையே. அதனை யான் குறைகூறேன். ஆனால், நடக்கவல்ல இளைஞரும் மலையை வண்டியின் சாளரத்தின் வழியே மட்டும் கண்டு திரும்புவது பேரிழப்பு என்பதே என் கருத்து. இக்கருத்து எனக்கு இளமையில் தோன்றியதன்று. அறுபதைக் கடந்த பின்னரே தோன்றிற்று. அதுவும் சற்று வெட்கத்தோடு தோன்றிற்று.

முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் யான். பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம் எனக்கு மிக உவந்த பாட்டு. பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய அப்பாட்டு 583 அடிகளை உடையது. பரிசில் பெற்றுவரும் கூத்தன் ஒருவன், நன்னனிடம் செல்லவிருக்கும் கூத்தர்க்கு வழி கூறுவதாக அமைந்தது. எவ்விடத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எவ்விடத்தில் பாம்பு உறையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்கவேண்டும் என்றெல்லாம் அவன் எடுத்துரைப்பான். நச்சினார்க்கினியர் உரையோடு அதனைப் பாராமற் சொல்லுவேன். ஆயினும், படிகள் இல்லாத மலையொன்றில் யான் கால் வைத்ததே இல்லை. மாணவர் எவரும் அதனைக் கேட்டதில்லை, யானும் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு புரட்டாசியில், ஓய்வுபெற்ற தெலுங்காசிரியராகிய என் நண்பர் நகரியிலிருந்து வந்தார். "சனியும் ஞாயிறும் நடப்போம், ஐயா. அவரவர் சுமையை அவரவரே சுமப்போம்," என்றார். திருத்தணிகை சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த நாள் 1960 ஏப்ரல் 1. மங்கலங்கிழாரும் ம. பொ. சிவஞானமும் முன்னின்ற எல்லைப் போராட்டத்தின் பயன் அது. யான் பிறந்த ஆண்டும் அதுவே. எல்லை குறித்து வழக்காடிய இரு மொழிகளின் ஆசிரியர் இருவர், ஒரே பொட்டலத்தில் புளிச்சோறு உண்ணப் புறப்பட்டோம்.

புத்தூர்வரை புகைவண்டியிற் சென்றோம். அங்கிருந்து நாராயணவனம் சென்று இரவு தங்கி, மறுநாள் காலை கைலாசகோன அருவியை அடைவது என்பது ஏற்பாடு. மஞ்சள் ஆடை உடுத்துத் திருமலைக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டம் ஒன்று எங்களைக் கடந்து சென்றது. ஒவ்வொருவர் தோளிலும் ஒரு சிறு துணிப்பை; அவ்வளவே. என் முதுகிலோ பேரன் தந்த பெரும்பை. அதனுள் இரண்டு கம்பளம், குடை, வெந்நீர்க் குடுவை, மருந்துப் பெட்டி ஆகியவற்றோடு பத்துப்பாட்டு முழுவதும் உரையுடன் இருந்தது! இரண்டு கல் தொலைவு நடப்பதற்குள் தோள் கன்றிவிட்டது. வழிநடைக்குக் கொண்டுசெல்லும் உணவைத் 'தோட்கோப்பு' என்று முன்னோர் வழங்கினர். அச்சொல்லில் தோள் ஏன் வந்தது என்பதை அன்றுதான் என் தோள் உணர்ந்தது. தம் நிபந்தனையைத் தாமே மறந்தவர்போல் நண்பர் கம்பளங்களை வாங்கித் தம் பையின்மேல் கட்டிக்கொண்டார். புத்தகத்தை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். "அது உங்கள் சுமை," என்றார்.

மறுநாள் விடியலில் மலையடியை அடைந்தோம். 'கோன' என்பது மலையிடைப் பள்ளத்தைக் குறிக்கும் தெலுங்குச் சொல் என்று அவர் கூற, 'விடர்' என்னும் நம் சொல்லை யான் கூறினேன். இப்பகுதிப் பாறையை 'நகரிக் குவார்ட்சைட்' என்று இவ்வூர்ப் பெயராலேயே நிலவியலார் வழங்குகின்றனர். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட அக்கல் இரும்புபோல் வலியது. நீர் படும் இடத்திலோ, அதன்மேல் பாசி எண்ணெய்போல் படர்ந்திருந்தது. ஓடையைக் கடக்கையில் என் வலக்கால் வழுக்கியது. முதுகுச் சுமை ஒருபுறம் இழுக்க, முழந்தாள் பாறையில் மோதிற்று. அச்சத்தால் வாய் அடைத்துவிட்டது.

"அந்த நாணற்கோல்களைப் பிடியுங்கள், ஐயா! ஒன்றைப் பிடித்தால் அறுந்துவிடும், பலவற்றைச் சேர்த்துப் பிடியுங்கள்," என்று நண்பர் கூவினார். பிடித்தேன், எழுந்தேன், கடந்தேன்.

அக்கரையில் அமர்ந்தபோதுதான் நினைவு வந்தது. நுண்ணிய பாசி அடியைத் தளரச் செய்யும் இடங்களில், அருகே வளர்ந்த மெல்லிய கோல்களைப் பற்றிக்கொண்டு கடக்குமாறு மலைபடுகடாத்துக் கூத்தன் கூறுகின்றான். அந்த அடிகள் என் முதுகிலேயே இருந்தன. அவற்றை ஒருமுறையும் படித்தறியாத நண்பரின் வாயிலிருந்து அவை எனக்கு வந்தன.

பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவரை மலைவழி நடத்திச் செல்லவேண்டும் என்று யான் வற்புறுத்துகின்றேன். வழியறிந்த பெரியோர் உடன் வரவேண்டும். காட்டிற்குள் செல்ல வனத்துறையின் இசைவு பெறவேண்டும். மழை வலுத்து ஓடை பெருகினால் திரும்பிவிடவேண்டும். இவற்றிற்கு உட்பட்டும் நடக்கலாம். தேர்வுக்கு நாள் போதாது என்பர் சிலர். குறிஞ்சித்திணையின் கருப்பொருள்களை மனப்பாடம் செய்விக்க நாம் செலவிடும் நாள்களை எண்ணிப் பார்த்தால், ஒரு நாளை மலைக்குத் தருதல் அரிதன்று.

ஞாயிறு மாலை புகைவண்டியிற் திரும்பினோம். வீடு வந்ததும் முழந்தாளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, பழைய பாடக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். பாசி வழுக்கும் அந்த அடிகளுக்கு எதிரே, 'எளிது. விளக்கம் வேண்டா' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அவ்வரியை அடித்துவிட்டேன்.