தட்கலில் ஜெயித்தவனுக்கு மட்டும்தான் ஊரா?

வியாழக்கிழமை காலை 10.58. சென்னையில் ஏதோ ஒரு ஆபீஸ். மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கிறது. மேசைக்கு அடியில் நாலு பேர் கையில் போன். வெள்ளி ராத்திரி ரயிலுக்குப் பெயர், வயதெல்லாம் நேற்றே சேமித்தாயிற்று. ஆதார் இணைத்தாயிற்று, யுபிஐ தயார். 11 மணிக்கு ஸ்லீப்பர் தட்கல் திறக்கிறது. ரெண்டு நிமிஷத்தில் கதை முடிகிறது. ஒருத்தருக்கு டிக்கெட் கிடைக்கிறது. மற்ற மூணு பேரும் சொல்வது ஒரே வரிதான்: "கொஞ்சம் லேட் பண்ணிட்டேன்டா."

எனக்கு இந்த வரியோடுதான் சண்டை.

நீங்கள் லேட் பண்ணவில்லை. இருந்த படுக்கைகள் கொஞ்சம், கேட்டவர்கள் நிறைய. அத்தனை பேரும் மின்னல் வேகத்தில் தட்டியிருந்தாலும் அதே எண்ணிக்கை ஆட்கள்தான் ரயில் ஏறியிருப்பார்கள். ஆட்கள் மாறியிருப்பார்கள், அவ்வளவுதான். கவுன்ட்டரில் நின்ற காலத்தில் முன்னால் நாற்பது தலை தெரியும். பக்கத்தில் நிற்பவரிடம் "இத்தனை பேருக்கு ஒரு ரயில்தானா சார்?" என்றாவது கேட்போம். போன் அந்த வரிசையைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. இப்போது தெரிவது 'வெயிட்டிங் லிஸ்ட் 43' என்ற எண் மட்டும். அதைப் பார்த்தால் ரயில்வே மீது கோபம் வருவதில்லை. நம் விரல் மீதுதான் வருகிறது.

இந்தக் குற்ற உணர்ச்சியில்தான் ரீல்ஸ் பிழைக்கிறது. 'ஆயிரம் ரூபாயில் வீக்கெண்ட் ட்ரிப்' என்று ஆரம்பிக்கும். அறுபதாவது நாள் காலை 8 மணிக்கு உட்காரு. முன் ஸ்டேஷனிலிருந்து போட்டு ஏறுமிடத்தை மாற்று. ரெண்டு தேதிக்கும் போட்டுவை, கடைசியில் ஒன்றை கேன்சல் பண்ணு. இதற்குப் பெயர் 'ஸ்மார்ட் பிளானிங்'. ரெண்டு தேதிக்குப் போட்டுவைப்பது என்றால் என்ன? நீங்கள் போகப்போகாத ரயிலில் இன்னொருத்தரை வெயிட்டிங் லிஸ்ட்டில் நிறுத்திவைப்பது. 2024 நவம்பரில் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தபோது ரயில்வே சொன்ன காரணமே இதுதான்: 61 முதல் 120 நாள் முன்பாகப் போடப்பட்ட டிக்கெட்டுகளில் சுமார் 21 சதவீதம் ரத்தாகிக்கொண்டிருந்தன. முன்கூட்டித் திட்டமிடுதல் என்று நாம் பெருமைப்படுவதில் ஒரு பங்கு, வெறும் துண்டு போட்டு இடம் பிடிப்பது.

சரி, துண்டு போட யாரால் முடியும்? அறுபது நாள் கழித்து வரும் சனி, ஞாயிறு தனக்கு லீவு என்று இன்றைக்கே தெரிந்தவரால். ஷிப்ட் பார்க்கும் நர்ஸுக்கு அது தெரியாது. ஜவுளிக்கடையில் நிற்கும் அக்காவுக்கு வாரக்கடைசிதான் வியாபாரம், லீவு கிடைத்தால் நடுவாரத்தில் ஒரு நாள். கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்த மாநிலம் இது. அங்கே காலை 11 மணிக்கு ஓடிபி பார்த்துக்கொண்டிருக்க யார் விடுவார்கள்? நமக்கு ரெண்டு நிமிஷத்தில் மூடுகிற கதவு அவருக்குத் திறக்கவே இல்லை.

போனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே போனில் முன்பதிவில்லாத டிக்கெட்டும் எடுக்கலாம். 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியிலும் அந்த வசதி இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் பாசஞ்சர் ஏறுங்கள். சுமார் அறுபது கிலோமீட்டர். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று போகும். நம்மாழ்வாரின் புளியமரம் பார்க்க ஆழ்வார்திருநகரியில் இறங்கலாம், அடுத்த ரயிலில் கடலுக்குப் போகலாம், ராத்திரிக்குள் வீடு திரும்பலாம். ஒரு நாள் லீவு போதும். அறுபது நாள் முன்னால் யோசிக்க ஒன்றும் இல்லை.

"அன்ரிசர்வ்டில் நீ ஏறிப் பார்த்திருக்கியா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஞாயிறு ராத்திரி மதுரையிலிருந்து சென்னை வரும் ரயிலின் ஜெனரல் பெட்டியில் கழிவறை வாசலில் உட்கார்ந்து வருகிறார்கள். குழந்தையோடு, மாதவிடாய் வலியோடு, வயசான அம்மாவோடு அதில் ஏறச் சொல்ல எனக்கு வாய் வராது. முன்பதிவுக்காவது இத்தனை படுக்கை என்று கணக்கு உண்டு. முன்பதிவில்லாத டிக்கெட்டை இருக்கை பார்த்து விற்பதில்லை. கேட்பவருக்கெல்லாம் கிடைக்கும், ஏற முடிகிறதா என்பது உங்கள் பாடு. அதனால்தான் சொல்கிறேன், பிரச்சினை செயலியில் இல்லை, பெட்டியில் இருக்கிறது.

ஆனால் பெட்டியைப் பற்றி நாம் பேசுவதில்லை. 2020 ஊரடங்குக்குப் பிறகு பாசஞ்சர் ரயில்களை எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் ஓட்டினார்கள். 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ஆனது. 2024 பிப்ரவரியில்தான் அது மறுபடி 10-க்கு இறங்கியது. பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போய் வருபவர்கள் அந்த வருஷங்களில் தினமும் மூன்று மடங்கு கொடுத்தார்கள். முதியோர் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, இன்னும் வந்தபாடில்லை. நம் டைம்லைனில் இதற்கு எத்தனை பதிவு பார்த்தீர்கள்? தட்கல் ட்ரிக்குக்கு எத்தனை பார்த்தீர்கள்?

ட்ரிக் கற்றுக்கொண்டால் ஒருத்தர் ஊர் போவார், அவர் இடத்தில் இன்னொருத்தர் நிற்பார். வெள்ளி ராத்திரி ரயிலில் நாலு ஸ்லீப்பர் பெட்டி கூடினால் சுமார் முன்னூறு பேர் போவார்கள். சனி, ஞாயிறு பகலில் ரெண்டு பாசஞ்சர் கூடினால் ஜெனரல் பெட்டியில் கால் வைக்க இடம் கிடைக்கும். கேட்க வேண்டியது அதைத்தான். எம்.பி.யிடம் கேளுங்கள், கோட்ட மேலாளருக்கு எழுதுங்கள், அந்த ரீல்ஸின் கமென்ட்டிலாவது போடுங்கள்.

அடுத்த வியாழன் 11.02-க்கு டிக்கெட் கிடைக்காமல் போனால், "லேட் பண்ணிட்டேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ரயில் பத்தலை" என்று சொல்லுங்கள். மீட்டிங்கில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.