நாணயமே இல்லை, கஞ்சத்தனம் ஏன்?

கோலா தெர்லாவில் வாரம் முழுக்கத் தோட்ட வேலை பார்ப்பவருக்கு ஞாயிறு மாலை அரை மணி நேரம் ஓய்வு கிடைத்தாலே பெரிது. அதற்குள் பழைய ஆர்கேட் ஆட்டம் மூன்று உயிரையும் பறித்துவிடும்.

அன்று அதற்குக் காரணம் இருந்தது: ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் அடுத்த நாணயம் விழும். 1985இல் கேப்காம் வெளியிட்ட 'கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்', கடைசிவரை வந்தவரையே மறுபடி முதலிலிருந்து ஆடவைத்தது. கொழுப்புதான்!

வீட்டுக் கருவியில் நாணயம் போடும் துளையே கிடையாது. ஆனாலும் 1988இல் வந்த 'கான்ட்ரா' மறுவாய்ப்பை மூன்றோடு நிறுத்தியது. 30 உயிர் தரும் ரகசியக் குறியீடுதான் பலரைக் கரைசேர்த்தது. 'இகாருகா'வின் வீட்டுப் பதிப்போ, ஆடிய நேரம் கூடக்கூட வாய்ப்பையும் கூட்டியது. அதுதான் நியாயம்.

சூரர்களுக்குக் கடும் நிலை இருக்கட்டும். பழைய ஆட்டங்களை மறுபடி விற்கும் நிறுவனங்கள் மற்றவர்களுக்கு மறுவாய்ப்பைத் தாராளமாகத் திறந்துவிட வேண்டும்.