மருந்து யாருக்கு? யந்திரம் யாருக்கு?

நெல்வயலுக்கு மேலே பறந்து பூச்சிமருந்து தெளிக்கும் 'ட்ரோன்' யந்திரத்தை நம் விவசாயத் தொழிலாளர்கள் இன்று பல ஊர்களில் பார்க்கிறார்கள். அதே இனத்தைச் சேர்ந்த யந்திரம்தான் 2022-ல் பெரிதாக மூண்ட உக்ரேன் யுத்தத்தில் மனிதர் தலைமேல் குண்டு போட்டது. இதைக் காட்டிச் சிலர் நமக்குப் புத்தி சொல்கிறார்கள்: "யுத்தத்தால்தான் விஞ்ஞானம் வளர்கிறது. விஞ்ஞானம் வளர்ந்தால் சுதந்திரமும் சுபிட்சமும் தானாக வந்துவிடும்!"

தானாக வருமா? சரித்திரம் என்ன சொல்கிறது?

பென்சிலின் மருந்தை எடுத்துக்கொள்வோம். 1928-ல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில், நோய்க்கிருமியைக் கொல்லும் பூசணத்தை அலெக்சாண்டர் பிளெமிங் கண்டார். ஆனால் அதைப் பிரித்தெடுத்து மருந்தாக்குவது கடினம். பெருமளவில் பணம் போட யாரும் முன்வரவில்லை. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள் சாகக் கிடந்த ஒரு போலீஸ்காரருக்கு அதைக் கொடுத்தார்கள். அவர் தேறினார். மருந்து தீர்ந்துபோயிற்று. அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். போதவில்லை. அவர் இறந்தார்.

பிறகு நடந்தது என்ன? காயம்பட்ட சிப்பாய்கள் பிழைக்க வேண்டும் என்றதும் அமெரிக்க சர்க்கார் களத்தில் இறங்கியது. பியோரியா நகரத்து சர்க்கார் ஆராய்ச்சிசாலையில், மக்காச்சோள மாவு ஆலைகளின் கழிவு நீரில் பூசணத்தை வளர்த்தார்கள். அழுகிய முலாம்பழம் ஒன்றிலிருந்து நல்ல ரகம் கிடைத்தது. பணம் வந்தது, திட்டம் வந்தது, தனித்தனியே ரகசியம் காத்த கம்பெனிகள் சேர்ந்து வேலை செய்தன. 1944 ஜூனில் பிரான்ஸ் கரையில் படைகள் இறங்கியபோது மருந்து தயாராக இருந்தது.

மருந்தைக் கொடுத்தது பீரங்கி அல்ல. சேர்ந்து உழைத்த மூளையும் கையும் பொதுப்பணமும்தான் கொடுத்தன. சிப்பாய் சாகக் கூடாது என்றால் வருகிற பணம், தொழிலாளி சாகக் கூடாது என்றால் மட்டும் ஏன் வருவதில்லை? இதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரே யுத்தம், இரண்டு நீதி

அதே யுத்தம். அதே பிரிட்டிஷ் சர்க்கார். பிரிட்டனில் 1940 ஜனவரியிலேயே ரேஷன் வந்தது. வெண்ணெய், சர்க்கரை எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டார்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மலிவு விலையில் பால் கிடைத்தது. யுத்தம் முடிந்தபோது அங்கே குழந்தை மரணம் முன்னைவிடக் குறைந்திருந்தது.

வங்காளத்தில்? ஜப்பான் படை வந்துவிடும் என்று 1942-ல் மக்களின் படகுகளைப் பறித்தார்கள். பட்டாளத்துக்கும் யுத்தத் தொழிற்சாலைகளுக்கும் முதல் பங்கு. அரிசி விலை விஷம்போல் ஏறியது. பதுக்கியவன் கொழுத்தான். 1943-ல் தொடங்கிய பஞ்சத்தில் மாண்டவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மிகுந்தவர்கள் யார்? நிலமில்லாத விவசாயக் கூலிகளும் மீனவர்களும்தான்!

ஏன் இந்த வித்தியாசம்? பிரிட்டிஷ் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, ஓட்டு இருந்தது. அவன் கை இல்லாமல் ஆலை ஓடாது என்று ஆள்வோருக்குத் தெரியும். வங்காளத்துக் கூலி அடிமை நாட்டின் பிரஜை. அவன் பசி யாரையும் கலங்கடிக்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷ் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. "யுத்தத்துக்குத் திட்டம் போட முடிந்தால் வாழ்வுக்கு ஏன் முடியாது?" என்று கேட்டார்கள். 1945 தேர்தலில் பழைய ஆட்சியைத் தள்ளினார்கள். சிறுவயதிலேயே சுரங்கத்தில் இறங்கி உழைத்த அனூரின் பீவன் சுகாதார மந்திரியானார். 1948 ஜூலை 5-ல் எல்லோருக்கும் இலவச வைத்தியம் வந்தது. நம் நாட்டிலும் 1954-ல் புனே அருகே பிம்ப்ரியில் சர்க்கார் பென்சிலின் ஆலை நிறுவப்பட்டது. யுத்தத்தில் வளர்ந்த மருந்து பொதுச் சொத்தாகவும் முடியும் என்று அது காட்டியது.

தோழர்களே! அறுவடை யந்திரம் வந்தபோது கூலிக்காரர்களுக்கு வேலை நாள் குறைந்தது. புதிய நூற்பு யந்திரம் வந்த ஆலைகளில் ஆட்கள் குறைந்தார்கள். யந்திரத்தின் மீது கல்லெறிவது நம் வேலையல்ல. அது முதுகு வளைந்த உழைப்பை மிச்சப்படுத்துகிறது. மிச்சமான அந்த நேரம் யாருக்குச் சொந்தம் என்பதே வழக்கு. கூலி குறையாமல் வேலை நேரத்தைக் குறை! வேலை இழந்தவருக்கு மாற்று வேலை கொடு! இதைச் சங்கம் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கமாட்டார்கள்.

யுத்தம் சுதந்திரம் தராது. யந்திரமும் தராது. முடியாது என்று சொல்லப்பட்டதெல்லாம் முடியும் என்பதைத்தான் அவை காட்டின. அதைச் சமாதானத்தில், நமக்காக, முடித்துக் காட்டச் செய்வது நம் ஒற்றுமை ஒன்றே.