திருநெல்வேலிக்கே அல்வாவா?

அல்வாவுக்குப் பெயர் போன ஊர் திருநெல்வேலி. கோதுமையில் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுகிறார்கள். அந்தச் சுவைக்குத் தாமிரபரணித் தண்ணீரே காரணம் என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை.

அந்த ஊருக்கு விருந்தாளியாகப் போகிறவர் வெளியூர் அல்வாவை வாங்கிக்கொண்டு போனால் என்ன ஆகும்? "திருநெல்வேலிக்கே அல்வாவா?" என்று வீட்டார் சிரிப்பார்கள்.

இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் மாற்றினால் இங்கிலாந்துக்காரருக்குப் புரியாது. ஆனால், இதே கருத்துக்கு அவர்களிடமும் ஒரு மரபுத்தொடர் உண்டு. "கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்" என்பார்கள். நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு போவது என்று பொருள்.

நியூகாசில் நகரம் இங்கிலாந்தின் வடபகுதியில், டைன் ஆற்றங்கரையில் உள்ளது. முன்காலத்தில் அங்கிருந்து லண்டனுக்குக் கப்பல் கப்பலாக நிலக்கரி போயிற்று. அந்த ஊருக்கே நிலக்கரி கொண்டு போவது வீண் வேலை அல்லவா? இன்று அந்த வியாபாரம் ஓய்ந்துவிட்டது. தொடர் மட்டும் ஓயவில்லை.

இதை எப்படிப் பயன்படுத்துவது?

"தூத்துக்குடிக்கு உப்பு அனுப்புவது, நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு போவது போல" என்று எழுதினால் சரி. தூத்துக்குடியில் உப்பு ஏராளமாக விளைகிறது.

"பரீட்சைக்காக இரவெல்லாம் நியூகாசிலுக்கு நிலக்கரி சுமந்தேன்" என்று எழுதினால் தவறு. கடும் உழைப்பு என்பது இதன் பொருள் அன்று.

ஊரின் பெயரையும் மாற்றக் கூடாது. நியூகாசில் என்பதற்குப் பதிலாக லண்டன் என்று போட்டால் பொருளே போய்விடும். "கோல்ஸ்" என்று பன்மையில் சொல்வதே பெருவழக்கு.

குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் பலர், வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு முன்னால் இத்தகைய தொடர்களை நூறு நூறாக மனப்பாடம் செய்கிறார்கள். பொருள் தெரியாமல் ஒன்றைச் சொல்லிவிட்டால் எதிரே இருப்பவர் புன்னகை செய்வார். அதோடு பிள்ளையின் வாய் அடைத்துப் போகும். பிறகு, தெரிந்த பதில்கூட வெளியே வராது. அறிவு இருந்தும் வேலை கைநழுவிப் போகும்!

இதற்கு வழி என்ன?

ஒவ்வொரு தொடரையும் அதன் கதையோடு படிக்க வேண்டும். நம் பழமொழியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். "கொல்லன் தெருவில் ஊசி விற்பது" என்பதை அறிந்த பிள்ளைக்கு நியூகாசில் நிலக்கரி எளிதில் விளங்கும். ஆசிரியர்களும் அப்படியே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் அந்தத் தொடரை விட்டுவிட்டு, எளிய ஆங்கிலத்தில் பேசலாம். அது குறை ஆகாது. பொருள் தெரியாத நூறு தொடர்களைவிட, பொருள் தெரிந்த ஒரு தொடரே மேல்.