மேகத்துக்குள் போகும் முன் என்ன படிப்பது?

மேகத்துக்குள் புகுந்த விமானியை முதலில் ஏமாற்றுவது அவருடைய காதுதான். விமானம் மெதுவாகச் சாய்ந்தால் உள்காதுக்குத் தெரியாது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் உள்காதின் திரவம் அடங்கிவிடும். நேராகப் போகிறோம் என்று உடம்பு சத்தியம் செய்யும். அதை நம்பியவர் சுழன்றபடியே கீழே இறங்குவார். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்து பழகாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாதபடி பறக்கவிட்டுச் சோதித்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 விநாடி.

இந்த மூன்று நிமிடத்தைத் தாண்டி உயிரோடு இருப்பதற்கான படிப்புதான் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். டெக்ஸாஸில் நான் வார இறுதியில் பறக்கும் சிறிய விமான நிலையத்தில், தனியார் விமானி உரிமம் வாங்கி அடுத்த படிக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அண்ணா, எந்த கோர்ஸ் வாங்கலாம்?”

“முதல்ல எதையும் வாங்காதீங்க தம்பி” என்பதுதான் என் பதில்.

காரணம், அடிப்படை நூல்கள் இலவசம். அமெரிக்க விமானத் துறை நிர்வாகமான எஃப்.ஏ.ஏ., ‘இன்ஸ்ட்ருமென்ட் ஃப்ளையிங் ஹேண்ட்புக்’, ‘இன்ஸ்ட்ருமென்ட் ப்ரொசீஜர்ஸ் ஹேண்ட்புக்’ இரண்டையும் இணையத்திலேயே வைத்திருக்கிறது. முதல் நூல் கருவிகளையும் நம் உடம்பையும் பற்றியது. அடுத்தது கிளம்புவதிலிருந்து இறங்குவது வரையான நடைமுறைகள் பற்றியது. நடை வறட்சிதான். ஆனால் தேர்வாளரின் கேள்விகள் பிறக்கும் இடம் அது. காசு கொடுத்து வாங்கும் பல புத்தகங்கள் இதே விஷயத்தை இன்னும் இதமான மொழியில் சொல்பவை. வாசிப்பு ஓடாதவர்கள் ஒரு வீடியோ கோர்ஸ் வாங்கிக்கொள்ளலாம். ஒன்று போதும். நான்கு வாங்கியவர்கள் நான்கிலும் முதல் அத்தியாயத்தை மட்டும் நன்றாக அறிவார்கள்.

அடுத்தது கேள்வி வங்கி. எழுத்துத் தேர்வில் 60 கேள்விகள், இரண்டரை மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. நம்மூரில் பாடப் புத்தகத்தைத் திறக்காமல் கோனார் நோட்ஸை மட்டும் படித்துக் கரையேறிய சாமர்த்தியம் இங்கேயும் செல்லும். ஆனால் கொஞ்ச தூரம்தான். எந்தெந்தப் பகுதிகளில் தவறினீர்கள் என்பது முடிவுத் தாளில் குறியீடுகளாக அச்சாகி வரும். நேரடித் தேர்வு நாளில் தேர்வாளர் எதிரே உட்கார்ந்து, அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் பேச்சை ஆரம்பிப்பார். விடையை மட்டும் மனப்பாடம் செய்தவரிடம் “ஏன்?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேள்வி வங்கி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கடைசி மாதத்துக்கு உரியது.

பழைய புத்தகத்தை யாராவது அன்போடு கொடுத்தால் அதன் அச்சு ஆண்டைப் பாருங்கள். செயற்கைக்கோள் சிக்னலைத் திருத்தித் தரும் ‘வாஸ்’ அமைப்பு அமெரிக்காவில் 2003-ல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதை நம்பி இறங்கும் முறைகள்தான் இன்று சிறிய விமான நிலையங்களில் அன்றாடப் பிழைப்பு. தொண்ணூறுகளின் நூலில் இதற்கு இடமே இருக்காது.

அதிகம் பேர் பாடநூலாகவே கருதாத ஒன்று, தரையிறங்கும் வரைபடத் தாள். பயிற்சிக்குக் காலாவதியான தாள் போதும். பறக்க மட்டும் கூடாது. சாப்பாட்டு மேஜையில், ரேடியோ சிக்னலைப் பின்பற்றி இறங்கும் ‘ஐ.எல்.எஸ்.’ முறைக்கான ஒரு தாளை விரித்து, விரல் வைத்து, வாய்விட்டுப் படியுங்கள். மேலே அலைவரிசையும் திசையும், நடுவில் மேலிருந்து பார்த்த படம், அதற்குக் கீழே பக்கவாட்டுப் படம், அடியில் எந்த உயரம் வரை இறங்கலாம் என்ற கணக்கு. வழக்கமாக அது தரையிலிருந்து 200 அடி. 90 நாட் வேகத்தில் மூன்று டிகிரி சரிவில் வரும் சிறிய விமானம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 480 அடி இறங்கும். அப்படியென்றால், அந்த 200 அடியில் உங்களுக்கும் தரைக்கும் இடையே இருப்பது 25 விநாடி. ஓடுபாதையோ அதன் முன்விளக்குகளோ கண்ணில் படாவிட்டால் உடனே மேலேற வேண்டும். ஏறி எந்தப் பக்கம் திரும்புவது என்று தாளில் தேட அப்போது நேரம் கிடைக்காது.

இந்தத் தாள்களுக்குப் பேர்போன ஜெப்சன் நிறுவனமே ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து பிறந்ததுதான். 1930-களின் தொடக்கத்தில் தபால் விமானம் ஓட்டிய எல்ரே ஜெப்சன், பத்து சென்ட் நோட்டு ஒன்றில் தான் போகும் வழியில் உள்ள இறங்குதளங்களின் நீளம், தடைகள், விளக்குகள் என்று குறித்துக்கொண்டே வந்தார். சக விமானிகள் பிரதி கேட்டார்கள், வியாபாரமாகிவிட்டது.

அதனால் நான் காசு போட்டு வாங்கச் சொல்வது ஒரு நோட்டைத்தான். ஒவ்வொரு பயிற்சிப் பறத்தலுக்குப் பிறகும் எங்கே தடுமாறினோம், ஏன் தடுமாறினோம் என்று அதில் எழுதுங்கள். இலவச நூலில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். புத்தகத்தில் மிச்சமாகும் பணத்தைப் பயிற்றுநரோடு கூடுதலாகச் சில மணி நேரம் பறக்கக் கொடுங்கள். காதை நம்பாமல் இருக்க வேறெங்கும் பழக முடியாது.