தொப்பைக்குள்ள ஒரு ஃபேக்டரி!



செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போறீங்க. 'பரவாயில்லையே, ஹாஸ்டல் சாப்பாட்டுல உடம்பு தேறியிருக்கே'ன்னு அம்மா சந்தோஷப்படறாங்க. தேறினது எது? கையா, காலா? கொஞ்சம் குனிஞ்சு பாருங்க பாஸ்... பேன்ட் பட்டனுக்கு மேல எட்டிப் பார்க்குதே, அதுதான் இந்த வார மேட்டர்!

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியா இறங்கி வந்து, கள்ளக்குறிச்சியில படிக்கிற கல்வராயன்மலைப் பசங்களுக்கு இது ரொம்பவே நெருக்கமான விஷயம். ஊர்ல காட்டுக்கும் வீட்டுக்கும் ஏறி இறங்கின கால்கள். சாமைச் சோறு, கேழ்வரகுக் களி. கீழே வந்ததும் நாள் முழுக்க பெஞ்ச், சாயங்காலம் பரோட்டா - சால்னா, ராத்திரி ஒரு மணி வரைக்கும் செல்போன். செலவு குறைஞ்சு வரவு கூடினா, மிச்சம் எங்கேயாவது சேரத்தானே செய்யும்?

அப்படிச் சேர்ற கொழுப்பை வெறும் குடோன்னுதான் ரொம்ப காலம் நினைச்சிருந்தாங்க. 1994-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு, கொழுப்பு செல்கள் சுரக்கிற 'லெப்டின்' ஹார்மோனைக் கண்டுபிடிச்சது. கதையே மாறிப்போச்சு. குடோன் இல்லீங்க, அது 24 மணி நேரமும் ஓடுற ஃபேக்டரி! அங்கே தயாராகிற சரக்கு, நம்ம ரத்தக்குழாய் வரைக்கும் போய் வேலை காட்டுது.

எப்படின்னு கேக்கறீங்களா? கரும்பு வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற மோட்டாரை நினைச்சுக்கங்க. குழாய்ல அழுத்தம் ஏற மூணு வழி இருக்கு. மோட்டாரை வேகமா ஓட்டலாம், குழாயை நசுக்கலாம், உள்ளே போற தண்ணியைக் கூட்டலாம். தொப்பை மூணையும் செய்யும்!

மூணு வில்லன், ஒரு ஹீரோ

முதல் ஆள் லெப்டின். 'வயிறு நிறைஞ்சாச்சு, போதும்'னு மூளைக்குச் சொல்றதுதான் இதோட நிஜ வேலை. கொழுப்பு கூடக் கூட லெப்டினும் எகிறும். ஒரு கட்டத்துல 'போதும்'ங்கிறதை மூளை காதுலயே வாங்காது. ஆனா இதயத்தையும் ரத்தக்குழாயையும் உசுப்பிவிடற நரம்புகள் மட்டும் அதோட பேச்சைக் கேட்டுக்கிட்டே இருக்கும். மோட்டார் ஸ்பீடு ஏறுது!

ரெண்டாவது, ஆஞ்சியோடென்சின். இதுக்கான மூலப்பொருளை வழக்கமா கல்லீரல்தான் தயாரிக்கும். கொழுப்பு செல்களும் தன் பங்குக்குக் கொஞ்சம் தயாரிச்சு சேர்க்கும். வழியில சில மாற்றங்களுக்குப் பிறகு அது ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கிற ஹார்மோனா மாறுது. குழாய் நசுங்குது!

மூணாவது, அல்டோஸ்டிரோன். சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி இதை விடுது. 'உப்பை வெளியே விடாதே'ன்னு சிறுநீரகத்துக்கு ஆர்டர். உப்பு நின்னா தண்ணியும் நிக்கும். தண்ணி கூடுது!

ஹீரோ யாரு? அடிபோனெக்டின். இதுவும் அதே கொழுப்பு செல்லோட பிள்ளைதான். ரத்தக்குழாய் இளகி விரிய உதவற நல்ல பையன். ஆனா தொப்பை பெருக்கப் பெருக்க இவர் மட்டும் குறைஞ்சுடுவார். ஃபேக்டரியில நல்ல சரக்கை நிறுத்திட்டு, கெட்ட சரக்கை டபுள் ஷிஃப்ட்ல ஓட்டற கதை!

'நான் ஒல்லி, எனக்கென்ன?'

அங்கேதான் மாட்டிக்கறோம். புனேவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின்... ரெண்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து நின்ன போட்டோ 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழ்ல வந்தது. உயரத்துக்கேத்த எடைக் கணக்கான பி.எம்.ஐ. ரெண்டு பேருக்கும் அச்சு அசலா 22.3. ஆனா உடம்புல கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2! கையும் காலும் குச்சியா இருந்தாலும் உள்ளே கொழுப்பு சேர்க்கிறது நம்ம ஊர் உடல்வாகு. அதனால எடை மெஷினை மட்டும் நம்பாதீங்க. இடுப்பை அளங்க. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80... அதைத் தொட்டா மஞ்சள் சிக்னல்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வு, 20 வயசுக்கு மேற்பட்டவங்களை நாடு முழுக்கப் பரிசோதிச்சது. 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 39.5 சதவீதம் பேருக்குத் தொப்பை. கணக்கு 20 வயசுலயே ஆரம்பிக்குது, கவனிச்சீங்களா?

தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட்டில் ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீடு தேடி வந்து பி.பி. பார்க்கறாங்க, மாத்திரை தர்றாங்க. அப்பா, அம்மாவுக்கு ஓ.கே. பகல்ல காலேஜ்ல இருக்கிற உங்களை யார் தேடி வருவாங்க? நீங்கதான் போகணும். பி.பி. ஏறினா பெரும்பாலும் தலைவலிகூட வராது. சத்தமே இல்லாம இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையையும் வருஷக்கணக்கா அரிச்சுட்டு, ஒருநாள் திடீர்னு பில்லை நீட்டும்.

அதனால ஒரு டீலுக்கு வருவோமா? பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்க. டீ, காபி குடிச்சு அரை மணி நேரம் ஆகியிருக்கணும். அஞ்சு நிமிஷம் அமைதியா உட்கார்ந்துட்டு பி.பி. பாருங்க. ரெண்டு தனித்தனி நாள்ல 140/90 அல்லது அதுக்கு மேல காட்டினா டாக்டரைப் பாருங்க. ஃப்ரெண்டோட அப்பா போடற மாத்திரையை வாங்கிப் போடற வேலை மட்டும் வேணாம்!

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள இருக்கட்டும், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் எல்லாம் இந்தக் கணக்குலதான் வரும். ரெண்டு ஸ்டாப்பிங் முன்னாடியே இறங்கி நடங்க. சந்தோஷமான சேதி என்னன்னா, குத்துமதிப்பா ஒரு கிலோ குறைஞ்சா பி.பி.யும் ஒரு புள்ளி இறங்கும். ஃபேக்டரியை மூட முடியாது... ஷிஃப்டைக் குறைக்கலாமே!

டெய்லர் டேப் ஒண்ணு ரூமுக்கு வாங்கி வைங்க. யாரையும் கிண்டல் பண்ண இல்ல, அவங்கவங்க அளந்துக்க.

அடுத்த வாரம் பார்ப்போம்!