முதலில் நோட்டுப் புத்தகத்தைக் கேளுங்கள்

சனிக்கிழமை பிற்பகல்களில் சமூக மன்றம் ஒன்றில் எக்ஸெல் சொல்லிக்கொடுக்கிறேன். பத்து ஆண்டுகளாக அலுவலகத்தில் அதோடு மல்லுக்கட்டுகிறவன் நான். தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்வோமே என்ற எண்ணம்தான்.

முதல் வகுப்புக்காக இரண்டு இரவு கண்விழித்து ஒரு பயிற்சிக் கோப்பு தயாரித்தேன். கற்பனை நிறுவனம், நான்கு வட்டாரங்கள், 400 வரிசை விற்பனைக் கணக்கு. வந்தவர்கள் 12 பேர். தேநீர் இடைவேளையில், வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் அக்கா ஒருவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“தம்பி, இதெல்லாம் படிச்சவங்களுக்கு. எனக்கு மண்டையில ஏறாது.”

பின்வரிசையில், கணக்காய்வு வேலையில் இருக்கும் இளைஞர் ஒருவர் கைப்பேசியில் மூழ்கியிருந்தார். அவருக்கு அது சின்னப்பிள்ளைப் பாடம். ஒரே கோப்பு, இரண்டு பேரையும் துரத்திவிட்டது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அக்காவுக்குக் கணக்கு வராதா என்ன? தீபாவளிக்கு எத்தனை டப்பா, யார் பாக்கி, எந்தப் பலகாரத்தில் கை கடிக்கிறது, எல்லாம் அவர் விரல்நுனியில் இருக்கும். அவருக்கு எட்டாதது எக்ஸெல் இல்லை. நான் எழுதிவைத்த ‘கிழக்கு வட்டாரம், மூன்றாம் காலாண்டு’தான்.

மறுநாள் அவரை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். “உங்க ஆர்டர் நோட்டைக் கொஞ்சம் காட்டுவீங்களா அக்கா?” என்றேன். தயங்கித் தயங்கித்தான் சம்மதித்தார். வாடிக்கையாளர் பெயர்களை மாற்றிவிட்டு, அந்த நோட்டிலிருந்தே புதிய கோப்பைச் செய்தேன்.

எக்ஸெல் தாள் ஒன்றில் 1,048,576 வரிசைகள் உண்டு. நான் எடுத்துக்கொண்டது 15. காரணம், கையால் கூட்டிச் சரிபார்க்க முடிய வேண்டும். தேதி, பெயர், பலகாரம், எண்ணிக்கை, விலை, பணம் வந்ததா என்று ஆறே பத்திகள். வேண்டுமென்றே ஒரு தவறும் வைத்தேன். ஓரிடத்தில் 5 என்பதற்குப் பதில் ‘5 டப்பா’ என்று எழுதினேன்.

அடுத்த வகுப்பில் எல்லாரும் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். திரையில் 52. அக்கா தம் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, “57 வருதே தம்பி!” என்றார். அன்றைய பாடமே அதுதான். எழுத்து கலந்த கட்டத்தை ‘சம்’ சத்தமில்லாமல் விட்டுவிடும். கணினி சொல்வதை அப்படியே நம்பக்கூடாது என்பதை அவரே கண்டுபிடித்துவிட்டார்.

அதன்பின் எண்ணிக்கையை விலையால் பெருக்கினோம். ‘சம்இஃப்’ போட்டுப் பாக்கித் தொகையைப் பிரித்தோம். ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு பயன் இருந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டாலும் யாரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

வேகமானவர்களுக்கு அதே ஆறு பத்திகளில் இன்னொரு தாள் வைத்திருந்தேன். அதில் மூன்று தீபாவளிகளின் 600 வரிசைகள். எந்தப் பலகாரம் அதிகம் போனது என்று ‘பிவோட் டேபிள்’ போட்டுச் சொல்ல வேண்டும். முறுக்கு, முருக்கு, முள்ளு முறுக்கு என்று மூன்று பெயர்கள் வந்தன. அந்த இளைஞர் மூன்றையும் ஒன்றாக்கிவிட்டார். தட்டச்சுப் பிழை என்று நினைத்திருக்கிறார்.

அக்கா எட்டிப் பார்த்தார். “ஐயோ தம்பி, முள்ளு முறுக்கு வேற! மாவு வேற, அச்சு வேற, விலையும் 2 வெள்ளி கூட.”

இளைஞர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, “வேற எதெல்லாம் தனின்னு சொல்லுங்க அக்கா” என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சூத்திரம் இவருக்குத் தெரியும், சரக்கு அவருக்குத் தெரியும். அந்தக் கோப்பை இருவரும் சேர்ந்துதான் முடித்தார்கள்.

அலுவலகத்தில் புதிதாக வந்தவருக்கோ, வீட்டில் அம்மாவுக்கோ இப்படி ஏதாவது சொல்லிக்கொடுக்க நேர்ந்தால் எடுத்த எடுப்பில் மடிக்கணினியைத் திறக்காதீர்கள். இப்போது எதில் கணக்கு எழுதுகிறீர்கள் என்று கேளுங்கள். சீட்டுக் கணக்கோ, கோயில் நன்கொடைப் பட்டியலோ, கல்யாண மொய் நோட்டோ, ஏதோ ஒன்று வெளியே வரும். பாடம் அதற்குள்ளேயே இருக்கும்.

போன வாரம் அக்கா என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். விலைப்பட்டியலைத் தனித்தாளில் வைத்து ‘எக்ஸ்லுக்அப்’ மூலம் விலையை எடுக்கிறாராம். இந்த ஆண்டு விலையை ஏற்றியதும் போன ஆண்டுக் கணக்கும் சேர்ந்து ஏறிவிட்டதாம். “இப்ப என்ன செய்யறது?”

நல்ல கேள்வி. வரும் சனிக்கிழமை வகுப்புக்கு அதுதான் பாடம்.